துப்புக்கூலி

1920களின் பிற்பகுதியில் கோவில்பட்டி நீதிமன்றத்தில் ஐம்பது வயது தாண்டிய ஒரு வக்கீல் கறுப்பு அங்கி போட்டு வழக்கு நடத்திக்கொண்டிருந்தார். 1908 ஜூலையில் இதே மாவட்டத்தின் செஷன்ஸ் நீதிபதி பின்ஹே அவருக்கு இரட்டை ஆயுள் தண்டனை, கூட்டினால் நாற்பது வருடம், விதித்திருந்தார். மேல்முறையீட்டில் அது குறைந்து, கோவைச் சிறையில் செக்கிழுத்த கையோடு அவர் 1912 டிசம்பரில் வெளியே வந்தார். பறிபோயிருந்த சன்னதைத் திரும்ப வாங்கிக்கொடுத்தவர் வாலேஸ் என்ற வெள்ளைக்கார நீதிபதி. அந்த நன்றிக்காக வக்கீல் தம் மகனுக்கு வாலேஸ்வரன் என்று பெயர் வைத்தார். வீட்டில் பணமுடை தீரவில்லை. அந்த நிலைமையிலும் பகலில் வழக்குக் கட்டு, மற்ற நேரத்தில் தொல்காப்பிய உரையின் சுவடிக் கட்டு என்று இருந்தார்.

வ.உ.சிதம்பரம் பிள்ளை என்ற பெயரைச் சொல்லாமலே கோவில்பட்டியில் எந்த டீக்கடையிலும் ஆள் இன்னாரென்று பிடிபட்டுவிடும். தியாகி, செக்கிழுத்த செம்மல், கப்பலோட்டிய தமிழன் என்று பட்டங்களும் வரிசையாக வரும். துப்பறியும் நாவலுக்கு இவரைப்போல் ஒரு பாத்திரம் கிடைக்காது என்ற நினைப்பு மட்டும் லேசில் வராது. போலீஸையும் நீதிமன்றத்தையும் சிறையையும் மூன்று பக்கமிருந்தும் பார்த்தவர். இரண்டு உலகப் போர்களுக்கு நடுவே, ரயிலும் பஞ்சும் தபாலும் சந்திக்கும் ஒரு சந்தையூரில், பழைய ரகசியங்கள் தெரிந்த நிலையில் உட்கார்ந்திருந்தவர். இந்தச் சொற்பொழிவு கேட்கும் கேள்வி எளிமையானது. இப்படி ஒரு ஆளும் ஊரும் காலமும் வாய்த்திருந்தும் தமிழில் வரலாற்றுத் துப்பறியும் நாவல் என்ற வகை ஏன் காலூன்றவில்லை?

வெளியே அது நன்றாகவே காலூன்றிவிட்டது. ஸ்காட்லாந்துக்காரரான பிலிப் கெர் 1989இல் தொடங்கிய வரிசையில் பெர்னி குந்தர் என்ற துப்பறிவாளர் 1936ஆம் ஆண்டு பெர்லினில், ஒலிம்பிக்ஸுக்காக நாஜிகள் நகரைத் துடைத்து மெழுகும் நேரத்தில், காணாமல் போனவர்களைத் தேடுகிறார். ஃபோல்கர் குட்ஷர் என்ற ஜெர்மானியர் 1929இல் கதையைத் தொடங்கினார். ‘பாபிலோன் பெர்லின்’ என்ற தொலைக்காட்சித் தொடர் அதிலிருந்து பிறந்தது. அபீர் முகர்ஜியின் கல்கத்தா நாவல் 1919 ஏப்ரலில் நடக்கிறது. போரில் அடிபட்டு, அபினுக்கு அடிமையாகி வந்த கேப்டன் விண்டமுக்குச் சுரேந்திரநாத் பானர்ஜி என்ற சார்ஜென்ட் துணை. அந்தப் பெயர் வெள்ளை அதிகாரிகளின் வாயில் நுழையவில்லை. ‘சரண்டர்-நாட்’ என்று ஆக்கிவிட்டார்கள். சரணடையாதவன்! ரௌலட் சட்டம் வந்த வருடத்தில் வெள்ளைக்காரருக்கு வேலை பார்க்கும் வங்காளிக்கு இதைவிடக் குத்தலான பெயர் அமையாது.

இந்த வகை நாவலின் சூட்சுமம் ஒன்றுதான். சாதாரணத் துப்பறியும் கதையில் வாசகரைவிடத் துப்பறிவாளருக்கு அதிகம் தெரியும். இங்கே அது தலைகீழ். 1936 பெர்லினில் குந்தர் கொலைகாரனைக் கண்டுபிடித்துவிடுவார். ஆனால் அந்த நகரத்தின் தலையில் என்ன இறங்கப்போகிறது என்று அவருக்குத் தெரியாது. வாசகருக்குத் தெரியும். 1919 கல்கத்தாவில் ஏப்ரல் மாதத் தேதி ஒவ்வொன்றாக நகரும்போது, அமிர்தசரஸில் ஒரு தோட்டத்துக்குள் ஜனம் கூடப்போகிறது என்று வாசகர் மனசு அடித்துக்கொள்ளும். கொலைகாரன் யார் என்ற கேள்விக்குப் பக்கத்தில், ‘அடுத்த வருஷம் இந்த ஆளெல்லாம் உயிரோடு இருப்பார்களா’ என்ற கேள்வியும் ஓடிக்கொண்டே இருக்கும்.

சென்னைக்கும் அப்படி ஒரு வரிசை இருக்கிறது, ஆங்கிலத்தில். பிரையன் ஸ்டாடார்ட் தென்னிந்திய வரலாற்றில் ஆய்வு செய்த பேராசிரியர். 2014இல் அவர் எழுதிய முதல் நாவலில் பக்கிங்ஹாம் கால்வாய்ச் சேற்றில் ஒரு வெள்ளைக்கார இளம்பெண்ணின் பிணம் கிடைக்கிறது. விசாரிக்க வருபவர் சூப்பரிண்டெண்ட் லெ ஃபானு. துணைக்கு ஹபிபுல்லா என்ற சார்ஜென்ட். 1920களின் சென்னையை ஆவணக் காப்பகத்தில் பல வருடம் படித்தவரின் கை அதில் தெரிகிறது.

அந்தச் சென்னை லேசுப்பட்ட ஊர் இல்லை. 1921இல் பின்னி ஆலை வேலைநிறுத்தம் புளியந்தோப்பில் கலவரமாகி, போலீஸ் சுட்டது. 1922 ஜனவரியில் வேல்ஸ் இளவரசர் வந்து இறங்கிய அன்று வெலிங்டன் தியேட்டர் அடித்து நொறுக்கப்பட்டது. நீதிக் கட்சித் தலைவர் தியாகராயச் செட்டியாரின் வீட்டைக் கூட்டம் சூழ்ந்துகொண்டது. 1927இல் மவுண்ட் ரோட்டில் நின்ற வெள்ளைக்காரத் தளபதி நீலின் சிலையை உடைக்கச் சுத்தியலோடு தொண்டர்கள் போனார்கள். திருநெல்வேலிச் சோமயாஜுலு அந்தப் போராட்டத்தில் முன்னின்றவர். 1930 ஏப்ரலில் திருவல்லிக்கேணியில் உப்புச் சத்தியாக்கிரகக் கூட்டத்தின்மேல் துப்பாக்கிச் சூடு. 1939இல் இந்தி எதிர்ப்புக் கைதிகள் நடராசனும் தாளமுத்துவும் இறந்தார்கள். இருபது வருடத்துக்குள் இத்தனை. பெர்லின்காரர்கள்கூட இந்தப் பட்டியலைக் கொஞ்சம் மரியாதையோடு பார்ப்பார்கள்.

இதில் வேடிக்கை என்னவென்றால், இதே இருபது வருடந்தான் தமிழில் துப்பறியும் நாவல் கொடிகட்டிப் பறந்த காலம். ஜே.ஆர். ரங்கராஜுவின் ‘இராஜாம்பாள்’ 1908இல் வந்தது. அதில் வரும் துப்பறியும் கோவிந்தன் வாசகர் வீட்டுப் பிள்ளையாகவே ஆகிவிட்டான். ஆரணி குப்புசாமி முதலியார் இங்கிலாந்துக் கதைகளைக் கொண்டுவந்து வேட்டி கட்டி விட்டார். வடுவூர் துரைசாமி ஐயங்காரின் திகம்பர சாமியார் பல மாறுவேடங்களில் திரிந்தார். வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925லிருந்து ‘ஜகன்மோகினி’யை நடத்தினார், அந்நியத் துணிக்கடை மறியலுக்காகச் சிறைக்கும் போய் வந்தார்.

இத்தனை பேர் எழுதிய குற்றக் கதைகளுக்குள் நகரத்தில் நடந்த குழப்பம் ஏறக்குறைய நுழையவே இல்லை. நகை திருடுபோகும், உயில் மாறும், மிராசுதாரின் மகள் கடத்தப்படுவாள், வக்கீல் கெட்டவனாக இருப்பான். மறியல், தடியடி எதுவும் வாசல்படி தாண்டாது. பண்டிதர்கள் அந்த நாவல்களை மட்டம் என்று ஒதுக்கினார்கள். அது வேறு கதை. உண்மையான குறை இலக்கணத்தில் இல்லை, துப்பறிவாளர் யாருக்காக வேலை பார்க்கிறார் என்பதில் இருந்தது. கோவிந்தன் கடைசியில் குற்றவாளியைப் போலீஸ் கையில் ஒப்படைக்க வேண்டும். அந்தப் போலீஸ் அன்று மாலை யாரை அடித்துக்கொண்டிருந்தது என்று கதை சொல்ல ஆரம்பித்தால் கோவிந்தன் பாடு திண்டாட்டம்.

கல்கி இந்தச் சிக்கலைத் தொட்டார். 1937இல் ‘ஆனந்த விகடனில்’ வந்த ‘கள்வனின் காதலி’யில் சர்வோத்தம சாஸ்திரி என்று ஒரு சப்-இன்ஸ்பெக்டர் வருகிறார். புத்திசாலி, நல்ல மனிதர். ஆனால் வாசகரின் மனசு முழுக்கக் கொள்ளிடக்கரைப் புதரில் ஒளிந்திருக்கும் முத்தையன் பக்கம். துப்பறிபவன் ஜெயிக்கக் கூடாது என்று ஊரே வேண்டிக்கொள்ளும் துப்பறியும் கதை அது. பிறகு 1942இல் தேவன் வந்து பிரச்சினையைச் சிரித்தே தீர்த்தார். அவருடைய சாம்பு எதையும் கண்டுபிடிப்பதில்லை, தடுக்கி விழுகிற இடத்தில் திருடன் இருப்பான்.

துப்பறிதல் என்ற தொழிலுக்குத் தமிழ்நாட்டில் அப்போது இருந்த நிஜப் பெயர் சி.ஐ.டி. சென்னை மாகாணத்தில் அந்தப் பிரிவு 1906இல் தொடங்கியது. அதன் நிழல் விழுந்த முதல் எழுத்தாளர் எட்டயபுரத்துக்காரர். 1918 நவம்பரில் பாரதி புதுச்சேரியிலிருந்து எல்லை தாண்டியதும் கடலூரில் கைதானார். சில வாரம் கழித்து நிபந்தனையோடு விட்டார்கள்: திருநெல்வேலி மாவட்டத்துக்குள்தான் இருக்க வேண்டும், எழுதுவதை சி.ஐ.டி. துணைத் தலைவருக்குக் காட்டி ஒப்புதல் வாங்கியே அச்சிட வேண்டும். கடையத்தில் மனைவி வீட்டில் இருந்துகொண்டு, 1919இல் எட்டயபுரம் அரசருக்குச் சீட்டுக்கவி எழுதினார். முதல் உலகப் போர் முடிந்து சில வாரங்களே ஆன நேரத்தில், தமிழின் பெரிய கவிஞனுக்குச் சட்டப்படி முதல் வாசகர் ஒரு போலீஸ் அதிகாரி. இதற்குமேல் நாவலாசிரியர் எதைக் கற்பனை செய்வது?

கரிசலின் மிகப் பெரிய வழக்கு அதற்கு ஏழு வருடம் முந்தியது. 1911 ஜூன் 17, சனிக்கிழமை. திருநெல்வேலியிலிருந்து வந்த வண்டி மணியாச்சி ஜங்ஷனில் நின்றது. முதல் வகுப்புப் பெட்டியில் கலெக்டர் ஆஷும் அவர் மனைவி மேரியும். கொடைக்கானலில் இருந்த பிள்ளைகளைப் பார்க்கப் போகிறார்கள். இலங்கைக் கப்பல் அப்போது தூத்துக்குடிக்குத்தான் வரும். அங்கிருந்து கிளம்பிய போட் மெயில் வந்ததும் பெட்டியை மாட்டிவிட வேண்டும். நடுவில் பத்து நிமிஷம். செங்கோட்டை வாஞ்சிநாதன் பெட்டிக்குள் ஏறி பிரௌனிங் துப்பாக்கியால் சுட்டார். இறங்கி ஓடி, பிளாட்பாரக் கழிப்பறைக்குள் புகுந்து, வாயில் வைத்துத் தன்னைச் சுட்டுக்கொண்டார். சட்டைப் பையில் கடிதம் இருந்தது.

‘கொன்றது யார்’ என்ற கேள்வி முதல் பத்து நிமிஷத்திலேயே செத்துப்போனது. பின்னால் யார் என்பதுதான் வழக்கு. வீடு வீடாகச் சோதனை, கடிதங்கள், அப்ரூவர்கள். இருவர் விசாரணைக்கு அகப்படாமல் தற்கொலை செய்துகொண்டார்கள். பதினான்கு பேர் சென்னை உயர் நீதிமன்றத்தில் நின்றார்கள். நீதிபதி சங்கரன் நாயர் தனியாக ஒரு தீர்ப்பு எழுதினார். முதல் எதிரி நீலகண்ட பிரம்மச்சாரிக்கு ஏழு வருடம் கடுங்காவல். விடுதலையான பிறகு அவர் மறுபடி சிறை போனார், கடைசியில் நந்தி மலையில் சாமியாராகி 1978 வரை வாழ்ந்தார். வழக்கின் முதல் எதிரி எமர்ஜென்சியையும் பார்த்துவிட்டுத்தான் கண்ணை மூடினார் என்பதை யோசித்துப் பார்க்க வேண்டும்.

ஒரு நூல் மட்டும் முடிச்சுப் போடாமல் தொங்குகிறது. வாஞ்சியோடு பிளாட்பாரத்தில் இன்னொருவர் இருந்தார், குழப்பத்தில் ஓடிவிட்டார். அவர் சங்கரகிருஷ்ணன் என்பது போலீஸ் தரப்பு. ஒட்டப்பிடாரம் மாடசாமி என்பது இன்னொரு தரப்பு. மாடசாமி தலைமறைவானவர்தான், கடைசிவரை பிடிபடவில்லை. ஒட்டப்பிடாரம் வ.உ.சி. பிறந்த ஊர்; மாடசாமி அவருடைய ஆள் என்று போலீஸ் தேடியது. ஆ. சிவசுப்பிரமணியன் தூத்துக்குடியில் இருந்துகொண்டு இந்தக் கொலையைப் பற்றி நூலே எழுதினார். ஆ.இரா. வேங்கடாசலபதி ‘ஆஷ் அடிச்சுவட்டில்’ ஆஷின் குடும்பம்வரை தேடிப் போனார். ஆய்வாளர்கள் செய்திருப்பது துப்பறியும் வேலை. அதை நாவலாக வாங்கிக்கொள்ளத்தான் ஆளில்லை.

கரிசலில் ‘துப்பு’ என்ற சொல்லுக்கு விலை உண்டு என்பதை இங்கே சொல்ல வேண்டும். மாடு களவு போய்விட்டால் ஸ்டேஷனுக்குப் போகிறவன் விவரம் கெட்டவன். விவரமானவன் இன்னாரைப் போய்ப் பார்ப்பான். அவர் ‘விசாரிச்சுப் பார்க்கேன்’ என்பார். இரண்டு நாளில் தகவல் வரும், தொகை பேசப்படும். பணம் கைமாறிய மறுநாள் விடியும்போது மாடு ஏதோ ஒரு ஓடைக்கரையில் கட்டிக்கிடக்கும். அந்தத் தொகைக்குப் பெயர் துப்புக்கூலி. மதுரை, திருநெல்வேலிச் சீமைகளின் காவல் முறையைப் பற்றி எழுதிய வெள்ளைக்கார அதிகாரிகள் இந்தச் சொல்லை அப்படியே தங்கள் குறிப்புகளில் ஏற்றிக்கொண்டார்கள், மொழிபெயர்க்க முடியாமல். ஊரில் துப்பு என்பது அறிவால் கண்டுபிடிப்பது கிடையாது. ஏற்கெனவே ஒருவருக்குத் தெரிந்திருப்பது. எவ்வளவு கொடுத்தால் சொல்லுவார் என்பதுதான் விஷயம். ஷெர்லாக் ஹோம்ஸ் பூதக்கண்ணாடியோடு கழுகுமலைக்கு வந்திருந்தால் முதலில் வெற்றிலை பாக்குக்குச் சில்லறை மாற்ற வேண்டியிருந்திருக்கும்.

இடைசெவல் கி. ராஜநாராயணன் இதை நன்றாக அறிந்தவர். ‘கோபல்ல கிராமம்’ 1976இல் வந்தது. வழிநடந்த களைப்பில் தண்ணீர் குடிக்க இறங்கிய ஒரு பெண்ணைப் பாம்படத்துக்காகத் திருடன் ஒருவன் தண்ணீருக்குள் அமுக்கிக் கொல்கிறான். சாகிறவள் அவன் கால் பெருவிரலைக் கடித்த கடி விடவில்லை. கொலைகாரன் பிணத்தோடு மாட்டிக்கொண்டு நிற்கிறான். துப்பறிவாளரே வேண்டாத கொலைக் கதை. செத்தவளே கையும் களவுமாகப் பிடித்துக் கொடுத்துவிட்டாள். நாவலின் மிச்சமெல்லாம் தீர்ப்பைப் பற்றியது: கும்பெனி ஆட்சி வந்துகொண்டிருக்கிற, பழைய ஆட்சி போய்க்கொண்டிருக்கிற அந்தரத்தில் தண்டிக்கும் அதிகாரம் யாருக்கு? ஆட்சி கைமாறும் ஊரில் ஒரு கொலை என்ற பெர்லின் நாவல்களின் கருவைக் கி.ரா. ஒரு ஊருணிக் கரையில் வைத்து, கெர் குந்தரைப் படைப்பதற்குப் பதின்மூன்று வருடம் முன்பே எழுதி முடித்துவிட்டார்.

பூமணி போனது வேறு வழி. ‘அஞ்ஞாடி’ 2012இல் வந்தது, ஆயிரம் பக்கம் தாண்டும். 1895 கழுகுமலைக் கலவரமும் 1899 சிவகாசிக் கொள்ளையும் அதில் வருகின்றன. நீதிமன்ற ஆவணங்களைத் தோண்டி எடுத்த உழைப்பு அதன் அடியில் இருக்கிறது. சாகித்திய அகாதெமி விருதும் 2014இல் கிடைத்தது. ஆனாலும் அவர் வெட்டுக்கும் கொள்ளைக்கும் ஒரு விசாரணை அதிகாரியைக் கதாநாயகன் ஆக்கவில்லை. ஆக்கியிருக்கவும் கூடாது என்றே சொல்ல வேண்டும். அந்தக் கலவரத்தில் யாருக்குத் தெரியாமல் எது நடந்தது? எல்லாருக்கும் தெரியும், எல்லாரும் ஒரு பக்கம்.

இரண்டு போர்களுக்கு நடுவே மாவட்டத்தை ஆட்டிவைத்த இன்னொரு ஆள் ஜம்புலிங்கம். ஊர் வாயில் செம்புலிங்கம். 1923இல் போலீஸ் சுட்டுக் கொன்றது. தோனாவூர் ஏமி கார்மைக்கேல் அம்மையார் அவரைப் பற்றி அந்தப் பத்தாண்டுக்குள்ளேயே ஆங்கிலத்தில் புத்தகம் எழுதிவிட்டார். மிஷன் பங்களா அம்மையாருக்குக் கொள்ளைக்காரனின் கதை கிடைத்திருக்கிறது; அவனை நல்லவன் என்று நம்பியும் இருக்கிறார். போலீஸ் கோப்பு, மிஷன் நூல், ஊர்க் கதை என்று மூன்று சாட்சி. மூன்றும் மூன்று ஆளைக் காட்டும்.

ஆக, போலீஸ்காரரைக் கதாநாயகன் ஆக்குவதில் தமிழுக்கு உள்ள தயக்கம் நியாயமானது. லெ ஃபானுவும் விண்டமும் மனசாட்சி உறுத்தும் வெள்ளைக்காரர்கள். அந்த உறுத்தல்தான் நாவலை ஓட்டும் எஞ்சின். தமிழில் அந்த எஞ்சின் ஓடாது. வேறு ஆள் வேண்டும். சாட்சியின் பேச்சும் கோப்பின் பேச்சும் இரண்டும் தெரிந்த ஆள்: வக்கீல் குமாஸ்தா. அல்லது கச்சேரி வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மனு எழுதுகிறவர். தலையாரி, கணக்கப்பிள்ளை, ஸ்டேஷன் மாஸ்டர் எல்லாருக்கும் கொஞ்சம் கொஞ்சம் தெரியும். குமாஸ்தாவுக்குத்தான் எல்லாமே கை எழுத்தில் கடந்துபோகும்.

அவருக்குக் கிடைக்கும் தடயங்களும் இந்த மண்ணுக்கே உரியவை. கோடையில் கரிசல் பாளம் பாளமாக வெடிக்கும். கையே நுழையும் வெடிப்பு. மேலே விழுந்ததை உள்ளே வாங்கிக்கொள்ளும், மழை வந்ததும் மூடிக்கொள்ளும். பொட்டு நகையோ தோட்டாவோ உள்ளே போனால் எந்த வருடம் எங்கே மேலே வரும் என்று சொல்ல முடியாது. ஈரத்தில் நடந்தவன் செருப்பில் ஒரு படி மண் ஒட்டும். செவக்காட்டுக்காரன் என்று பொய் சொல்லித் தப்ப முடியாது. தீப்பெட்டியையும் கவனிக்க வேண்டும். அய்ய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தொழில் கற்றுத் திரும்பியது 1923இல். 1920இல் நடக்கும் கொலையில் பிணத்துக்குப் பக்கத்தில் சிவகாசி லேபிள் ஒட்டிய பெட்டி கிடந்தால், பொய் சொல்வது கொலைகாரன் இல்லை, நாவலாசிரியர்.

மொழிதான் கடைசிச் சிக்கல், கஷ்டமானதும்கூட. எழும்பூர் ஆவணக் காப்பகத்தில் கிடக்கும் வாக்குமூலங்களில் பெரும்பகுதி ஆங்கிலத்தில் இருக்கிறது. கரிசல்காட்டு விவசாயி கூண்டில் நின்று சொன்னதை மொழிபெயர்ப்பாளர் நறுக்கி, எழுத்தர் சுருக்கி, நீதிபதி இன்னொரு முறை சுருக்கியிருப்பார். ‘அவன் சங்கைக் கடிச்சுத் துப்பிருவேன்னு நிண்ணான்’ என்று ஒருவர் சொல்லியிருந்தால் கோப்பில் ‘மிரட்டினார்’ என்று ஒரே சொல்தான் மிஞ்சும். தமிழில் எழுதுகிறவர் அந்த ஒரு சொல்லிலிருந்து பின்னோக்கி நடந்து பழைய வாக்கியத்தைக் கண்டெடுக்க வேண்டும். இந்த வேலைக்கு ஸ்டாடார்ட் போன்றவர்களிடம் கருவி கிடையாது. கோவில்பட்டியில் இருக்கிறது: கி.ரா. 1982இல் கொண்டுவந்த வட்டார வழக்கு அகராதி. பூதக்கண்ணாடியைவிட அது உதவும்.

வ.உ.சி. 1932இல் கோவில்பட்டியை விட்டுத் தூத்துக்குடிக்குத் திரும்பினார். 1936 நவம்பரில் அங்கே இறந்தார். நாவலை எழுதத் துணிகிறவர் அந்தப் புறப்பாட்டு வாரத்தில் தொடங்கலாம். குமாஸ்தா பழைய கட்டுகளைப் பிரித்து, எதைத் தூத்துக்குடிக்கு அனுப்புவது, எதை எரிப்பது என்று பார்த்துக்கொண்டிருக்கிறார். ஒரு கட்டுக்குள் முகவரி இல்லாத உறை, உள்ளே மணியாச்சிக்கு வாங்கிய பழைய மூன்றாம் வகுப்பு டிக்கெட். வாசலில் டிக்கெட் கலெக்டர் வாங்கிக்கொள்ளாதது. பயணம் போன ஆள் ஸ்டேஷன் வாசல் வழியாக வெளியேறவில்லை. தெருவில் பஞ்சு வண்டிகள் வரிசையாக நிற்கின்றன, ஐயா உள்ளே கணக்குப் பார்த்துக்கொண்டிருக்கிறார். குமாஸ்தா டிக்கெட்டைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறார், தேதி பாதி அழிந்திருக்கிறது. உள்ளே போய்க் கேட்பதா, அடுப்பில் போடுவதா என்று அவர் இன்னும் முடிவு செய்யவில்லை.